பெட்டியில் ஒட்டின பொட்டு

டேய் கண்ணு,

இதை உனக்குத் தனியா அனுப்பியிருக்கலாம். அனுப்பினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். பெங்களூர் டிராஃபிக்ல உக்காந்துக்கிட்டு மேலாகப் படிப்பே, ஒரு கட்டைவிரல் பொம்மையைப் போடுவே, "சரிம்மா, அப்புறம் பேசலாம்"னு சொல்லுவே. அந்த அப்புறம் வரவே வராது. அதனாலதான் நாலு பேர் கண்ணுல படற மாதிரி நெட்டுல திறந்து வெச்சு எழுதுறேன். நாலு பேருக்குத் தெரிஞ்சா நீ பதில் சொல்லித்தான் ஆகணும். உங்கம்மா பண்ற கடைசிக் குறும்புன்னு இதை வெச்சுக்கோ. எனக்கு உடம்புக்குத்தான் ஐம்பத்தாறு, வாய்க்கு இன்னும் பதினாறுன்னு உங்கப்பா சொல்லுவாரே, அந்த வாய்தான் பேசுது. ஆனா எழுதுறது இடது கைக் கட்டைவிரல். ஒவ்வொரு எழுத்தா குத்திக் குத்தி எழுதுறேன். பிழை இருந்தா விரலைத் திட்டு, என்னைத் திட்டாதே.

விஷயத்தை முதல்லயே போட்டு உடைச்சிடறேன். என் வலது கை திரும்பி வரப்போறதில்ல. அதுக்காக நீ கல்யாணத்தை இன்னொரு தடவை தள்ளக்கூடாது. அவ்வளவுதான் கடிதம். இதோட நிறுத்தியிருக்கலாம். ஆனா சுருக்கமாப் பேசற பழக்கம் பார்லர் நடத்தினவளுக்கு எங்கேர்ந்து வரும்? அதுவும் இல்லாம, நீயும் நானும் ஒரு விஷயத்தைப் பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி இருந்துக்கிட்டிருக்கோம். அதை யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைக்கணும்.

பருத்திப்பட்டு ஏரி ரோட்டுல அந்த ஒத்தை ஷட்டர் கடை உனக்கு நல்லா ஞாபகம் இருக்கும். ஸ்கூல் விட்டு நேரா அங்கதான் வருவே. க்வார்ட்டர்ஸ் பொம்பளைங்க வரிசையா உக்காந்திருப்பாங்க, நீ ஒரு மூலையில ஸ்டூல் மேல நோட்டை வெச்சுக்கிட்டு வீட்டுப்பாடம் எழுதுவே. "இன்னா அக்கா, தொழில் எப்டி போகுது?"ன்னு யாராவது கேட்டா, "ஊர்ல ஆம்பளைங்கதான் நூல் வுடுவாங்க, இங்க நான் வுடறேன்"னு சொல்லுவேன். கடை முழுக்கச் சிரிக்கும், உனக்கு மட்டும் காது சிவந்துபோகும். புருவம் எடுக்கத் திரெட்டிங் பண்றப்போ நூலோட ஒரு முனை என் பல்லுல இருக்கும், மீதி ரெண்டு கை விரலுக்கும் நடுவுல ஓடும். நான் வாயை மூடிக்கிட்டிருக்கிற நேரம் அது ஒண்ணுதான்னு உங்கப்பா ஊர் முழுக்கச் சொல்லி வெச்சிருந்தார். நீ பத்தாவது படிக்கிறப்போ ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்கிட்டிருந்தே. பத்து விரல் நகத்துக்கும் ரத்தச் சிவப்புல பாலிஷ் போட்டு விட்டேன். நீ பார்க்காமலே ஆவடிக்கு டியூஷன் போயிட்டே. போர்டுல கணக்குப் போட எழுந்து போனப்பதான் உனக்கே தெரிஞ்சுதாம். மூணு நாள் என்னோட பேசல நீ. நாலாவது நாள் கடைக் கதவுக்கு மேல ஒரு சின்னப் பெட்டி மாட்டினே. கதவைத் திறந்தா என் குரல்ல "வாங்க வாங்க, அழகு ராணி"ன்னு அது கத்தும். எப்ப என் குரலைப் பதிவு பண்ணினியோ! கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் அப்படியே தோள்ல சுமையோட நின்னு, "யாரும்மா, என்னையா?"ன்னு கேட்டார் பாரு. அன்னைக்கே நினைச்சேன், இவன் பெட்டி பண்ணியே பிழைச்சுக்குவான்னு.

அப்படியேதான் ஆச்சு. காலேஜ் முடிச்சு, ஆராய்ச்சிக்கூடத்துல வேலைன்னு வந்து நின்னே. என்ன வேலைடான்னு கேட்டதுக்கு, "குரங்குக்குப் பெட்டி பண்ற வேலைம்மா"ன்னே. நான் அதை வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் உன்னை ஓட்டினேன். ஆனா நீ விளக்கிச் சொன்னது ஒண்ணு விடாம நினைவுல இருக்கு. அணில் அளவுக்குத்தான் இருக்குமாம் அந்தக் குரங்கு, காதுல வெள்ளையா ரெண்டு முடிக்கொத்தோட. கூண்டுப் பக்கத்துல உன் பெட்டி இருக்கும். அதுங்க இஷ்டப்பட்டா உள்ள வரும், இஷ்டமில்லைன்னா வராது, யாரும் பிடிச்சு இழுக்கிறதில்ல. வந்த குரங்கு எதுன்னு பெட்டியே கண்டுபிடிச்சுக்கும். அது கையை நீட்டிக் கைப்பிடியை இழுத்தா, வாழைப்பழமும் பாலும் கலந்து ஒரு சொட்டு வாயில விழும். கை எப்படிப் போகுதுன்னு கேமரா பார்க்கும். கை போறப்போ மூளையில எந்த இடம் மினுக்குதுன்னு இன்னொரு கருவி பார்க்கும். ஆள் கிட்டவே போக வேண்டாம், எல்லாத்தையும் பெட்டியே பார்த்துக்கும். "குரங்கு நல்லா இழுத்துச்சுன்னா பெட்டி கைப்பிடியைத் தூரமாத் தள்ளும். இழுக்க முடியாமத் தவிச்சுதுன்னா கிட்ட கொண்டு வரும். பத்துக்கு ஏழு தடவையாவது அது ஜெயிக்கணும்மா. இல்லைன்னா வெறுத்துப்போயி மறுபடி உள்ளயே வராது"ன்னு சொன்னே. நான் சிரிச்சேன். "நம்ம ஊரு வாத்தியாருங்களுக்கு இந்த அறிவு இருந்திருந்தா நான் எட்டாவதோட நின்னிருக்க மாட்டேன்டா"ன்னேன். அந்த வார்த்தையை அன்னைக்கு அவ்வளவு லேசா கேட்டுக்கிட்டேன்.

கொரட்டூர்ல பவித்ராவோட உனக்கு நிச்சயம் ஆன அன்னைக்கு என் வாய் சும்மா இருந்திருக்கலாம். சபையில எல்லார் முன்னாடியும் அவ முகவாயைப் பிடிச்சுத் தூக்கி, "இந்தப் புருவத்தை இனிமே வேற எவளும் தொடக்கூடாது. என் கையாலதான் எடுப்பேன், என் கையாலதான் ஜோடிச்சு மணையில உக்கார வெப்பேன்"னு சொன்னேன். கை தட்டினாங்க. அடுத்த மாசம் திருவேற்காட்டுல ஒரு மண்டபம். பொண்ணுக்கு ஒரு கண்ணுல இமைமுடி ஒட்டியாச்சு. இன்னொரு கண்ணுக்குக் கையைத் தூக்கறேன், கை வரல. பிரஷ் கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கலாம்னு பார்த்தா நானே கீழ கிடக்கறேன். பக்கவாதம்னாங்க. நல்லவேளை வாய் தப்பிச்சுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. கால் ஓரளவுக்கு வந்துச்சு. கை வரல. கை வந்த கலைன்னு நாங்க பீத்திக்கிட்டது, கை போன கலையாப் போச்சு. கடையைக் காலி பண்ணினோம். இப்ப அங்க மோமோஸ் விக்கிறாங்க. நீ மாட்டின பெட்டியைக் கழட்ட மறந்துட்டோம். மோமோஸ் வாங்க வர்ற பசங்களையெல்லாம் என் குரல் இன்னும் "அழகு ராணி"ன்னு கூப்பிட்டுக்கிட்டிருக்கு. அந்தப் பக்கம் போறப்போ உங்கப்பா வண்டியை வேகமா ஓட்டிடுவார்.

ஆவணியில வெச்சிருந்த கல்யாணத்தைத் தைக்குத் தள்ளினே. "அம்மா சொன்னது சொன்னதுதான், அவங்க கையாலதான் நடக்கும்"னு சம்பந்தி வீட்டுல சொன்னே. அப்புறம் உன் லீவையெல்லாம் போட்டு எனக்கு ஒரு பெட்டி செஞ்சு எடுத்துக்கிட்டு வந்தே. குரங்குப் பெட்டிக்கு அக்கா மாதிரி இருந்துச்சு அது. முன்னாடி ஒரு தண்டவாளம், அது மேல ஒரு கைப்பிடி, பக்கத்துல ஒரு ஸ்க்ரீன். கையை நீட்டிக் கைப்பிடியை இழுத்தா ஸ்க்ரீன்ல பச்சை வரும், குழாய்ல ஒரு உலர்திராட்சை விழும். மூளை மினுக்கறதைப் பார்க்கத் தலைக்கு ஒயரு ஒயரா ஒரு தொப்பி. எத்தனை பேர் தலையில மருதாணி அப்பியிருப்பேன், அத்தனைக்கும் பதிலா என் தலையில பசையை அப்பினே நீ. தொப்பிப் பட்டை நெத்தியில உக்காரணும், பொட்டை எடும்மான்னே. எடுத்தேன். எடுத்த பொட்டைக் கண்ணாடியில ஒட்டித்தான் பழக்கம், நம்ம வீட்டுல எந்தக் கண்ணாடியில பொட்டு இல்லாம இருந்திருக்கு? கண்ணாடி தூரமா இருந்துச்சு, பெட்டி பக்கத்துல இருந்துச்சு. தண்டவாளத்து ஓரமா, கைப்பிடிக்கு நேரா ஒட்டிட்டேன். நீயும் கவனிக்கல, நானும் மறந்துட்டேன்.

தினமும் காலையில அந்தப் பெட்டி முன்னாடி உக்காருவேன். தோளை உந்தி, முட்டியைத் தேச்சு, எப்படியோ இழுத்துடுவேன். பச்சை வரும். திராட்சை விழும். உழைப்பு என்னுது, திராட்சை உங்கப்பாவுது. பெட்டி உன் போனுக்குக் கோள் சொல்லும், சாயங்காலம் நீ கூப்பிடுவே. "பத்துக்கு ஏழும்மா! சூப்பர்!" உன் குரல்ல அந்தச் சந்தோஷத்தைக் கேக்கறதுக்காகவே மறுநாள் உக்காருவேன். கை அசையாத அன்னைக்குக்கூட, "மூளை மினுக்குதும்மா, ஆர்டர் போடுது, வந்துடும்"ன்னு சொல்லுவே. நானும் நம்பினேன். பவித்ரா புருவத்துக்காக ஒரு புது நூல்கண்டு வாங்கி வெச்சேன்டா.

ஒரு நாள் கரண்ட் போச்சு. ஸ்க்ரீன் அணைஞ்சு கிடந்ததால, அன்னைக்குத்தான் முதல் தடவையா பெட்டியையே பார்த்தேன். பொட்டு ஒரு சாண் தள்ளி அங்க இருக்கு. கைப்பிடி இங்க, என் மடிக்கிட்ட இருக்கு.

"யோவ், இத்த நவுத்துனியா?"

"நான் இன்னாத்துக்கும்மே நவுத்தறேன்? திராட்சை வுயுதான்னு பாக்கறதோட செரி."

"பொட்டு எங்க கீது, கைப்புடி எங்க கீது, பாரு."

உங்கப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பார்த்தார். நகத்தால பொட்டைச் சுரண்டிப் பார்த்தார். அப்புறம், "பொட்டு நவுராதும்மே. ஒட்டுனது ஒட்டுன எடத்துலதான் கீது"ன்னார்.

அப்பதான் குரங்குக்கு நீ சொன்னது எனக்கு உறைச்சுது. தவிச்சுதுன்னா கைப்பிடி கிட்ட வரும். பத்துக்கு ஏழு ஜெயிக்கணும். இத்தனை மாசமா என் கை கைப்பிடிக்கிட்ட போகல, கைப்பிடிதான் என் கைக்கிட்ட வந்துக்கிட்டிருந்திருக்கு. தினமும் மயிரிழை மயிரிழையா. நான் முன்னேறலைங்கறது மட்டும் இல்ல, பின்னாடி போயிருக்கேன். முதல் நாள் எட்டின இடத்தை இப்ப எட்ட முடியாது. கரண்ட் வந்ததும் ஸ்க்ரீன் பச்சையா ஒரு பூ காட்டி "வணக்கம்"னு சொல்லிச்சு. அந்தப் பூவைப் பார்த்து நான் திட்டின வார்த்தையை இங்க எழுத முடியாது.

போன மாசம் நீ வந்தே. "நூத்துக்கு எழுபதைத் தாண்டிடுச்சும்மா"ன்னு சொல்லிக்கிட்டே தண்டவாளத்துக்கு எண்ணெய் விடக் குனிஞ்சே. நான் சோபாவுல உக்காந்து உன்னையே பார்த்துக்கிட்டிருந்தேன். உன் கை அப்படியே நின்னுது.

"இது எப்ப ஒட்டினதும்மா?"

"நீ பெட்டி வெச்ச அன்னைக்குடா."

"ஓ."

உன் காது ரெண்டும் சிவந்துச்சு. அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும்டா, போர்டு முன்னாடி நகத்தைப் பார்த்திருப்பியே, அதே சிவப்பு. குரங்குக்குப் போட்ட கணக்கை எடுக்காமலே அம்மாவுக்கும் வெச்சுட்டோம்னு அந்த நிமிஷம்தான் உனக்கே புரிஞ்சுது. நீ வேணும்னு செய்யல. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா அதுக்கப்புறம் நீ செஞ்சது வேணும்னு செஞ்சது. நிமிர்ந்து, "காபி இருக்காம்மா?"ன்னு கேட்டே. ஜென்மத்துல காபி குடிக்காதவன் நீ. போட்டுக் கொடுத்த காபியை ஒரு சொட்டு விடாம குடிச்சே. கிளம்பறப்போ வாசல்ல உங்கப்பாகிட்ட, "தை வேணாம்பா, வைகாசில பார்த்துக்கலாம், அதுக்குள்ள அம்மா கை தெளிஞ்சிடும்"னு சொன்னே. எனக்குக் கேக்கணும்னு சத்தமாவே சொன்னே. நான் உள்ள இருந்து, "ஆமாண்டா, தெளிஞ்சிடும்"னு கத்தினேன். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பொய்யை வாசல்ல நிக்க வெச்சு டாட்டா காட்டினோம்.

உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்கு. நீ போன மறு வாரம் பவித்ரா வந்தா. கொரட்டூர்ல டிரெயின் ஏறி, ஆவடியில இறங்கி, ஷேர் ஆட்டோ பிடிச்சு, தனியா. கொய்யாப்பழம் வாங்கிட்டு வந்தா. ரொம்ப நேரம் பழத்தைப் பத்தியே பேசினா. அப்புறம் பளிச்சுனு கேட்டா.

"அத்தை, உண்மையைச் சொல்லுங்க. அவரு உங்க கைக்காகத் தள்ளுறாரா, இல்ல என்னை வேண்டாம்னு தள்ளுறாரா?"

"உன்னைத் தள்ளலைடி. என்னைத் தாங்கறான்."

"தாங்கட்டும் அத்தை. கல்யாணம் பண்ணிக்கிட்டுத் தாங்கக்கூடாதா? எங்கப்பா வேற இடம் பார்க்கட்டுமான்னு கேக்கறாரு. தினமும் கேக்கறாரு. நான் என்ன சொல்லட்டும்?"

அவளை நிமிர்ந்து பார்த்தேன். அப்பதான் புருவம் கண்ணுல பட்டுது. நிச்சயம் ஆன நாள்லேர்ந்து எடுக்கல. கம்பளிப்பூச்சி மாதிரி வளர்ந்து நடுவுல சேர்றதுக்கு வந்துடுச்சு. "இன்னாடி இது?"ன்னேன். "நீங்கதானே வேற யாரும் தொடக்கூடாதுன்னீங்க. ஆபீஸ்ல எல்லாரும் கிண்டல் பண்றாங்க"ன்னு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே அழுதா. என் வாய்க்கொழுப்பை அந்தப் பொண்ணு இத்தனை மாசமா மூஞ்சியில சுமந்துக்கிட்டுத் திரிஞ்சிருக்கா.

அன்னைக்கே அவளைக் கூட்டிக்கிட்டு ஆவடியில ஒரு பார்லருக்குப் போனேன். நான் யாருன்னு அங்க சொல்லல. பவித்ரா சாஞ்சு உக்காந்தா, நான் பக்கத்துல பிளாஸ்டிக் சேர்ல. என் வலது கை மடியில மூடிக்கிட்டுக் கிடந்துச்சு. அந்தப் பார்லர்ப் பொண்ணு நூலைப் பல்லுல கடிச்சு, விரல்ல சுத்தி, பவித்ரா புருவத்துல வெச்சா. வெச்ச அந்த நொடி என் பல்லு தானா கடிச்சுக்கிச்சுடா. வாயில நூலே இல்ல. கடிச்சுக்கிச்சு. இடது கை விரல் விரிஞ்சுது. வலது கையும் விரியும்னு பார்த்தேன். விரியல. உன் தொப்பி அப்ப என் தலையில இருந்திருந்தா மூளை தீபாவளி மாதிரி மினுக்கியிருக்கும். ஆர்டர் போட்டுக்கிட்டேதான் இருந்துச்சு. வாங்கிக்கத்தான் ஆள் இல்ல. நல்லா எடுத்தா அந்தப் பொண்ணு, குறை சொல்ல முடியாது. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதான்னு தேடினேன், அதுவும் கிடைக்கல.

ஆச்சு. நான் சபையில சொன்ன வார்த்தை அன்னைக்கே செத்துப்போச்சு. அவ புருவத்தை வேறொருத்தி தொட்டாச்சு. நீ காத்திருக்க இனிமே ஒண்ணுமே இல்ல.

நீ இதைப் படிச்சிட்டுப் பெட்டியைத் திருத்தி, வேற கணக்குப் போட்டு எடுத்துக்கிட்டு ஓடி வருவே. வராதே. டாக்டர் என்கிட்ட ஒளிக்காம சொல்லிட்டார், தோள் கொஞ்சம் அசையும், விரல் திறக்காதுன்னு. இப்ப விரல் உள்பக்கமா மூடி இறுகிடுச்சு. நகம் வளர்ந்து உள்ளங்கையில குத்துது. ஊரு நகத்துக்கெல்லாம் ஷேப் பண்ணினவ நான். வாரத்துக்கு ஒரு நாள் உங்கப்பா ஒவ்வொரு விரலாப் பிரிச்சு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வெட்டி விடறார். வலிக்குதான்னு கேப்பார். இல்லைன்னு சொல்லுவேன். ஒரு நாளாவது சிரிக்க வைக்கணும்னு, "சிவப்பு பாலிஷ் கீதாய்யா?"ன்னு கேட்டேன். அந்த மனுஷன் எழுந்து போயி பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுக்கிட்டார். அதுக்கப்புறம் நான் அந்த ஜோக்கைச் சொல்றதில்ல. எந்த ஜோக்கும் முன்ன மாதிரி வேலை செய்யலடா. அடிக்கிறேன், சத்தம் வருது, அவ்வளவுதான். இதுக்கெல்லாம் ஆறுதல் சொல்லாதே. மத்த நாட்டுல இது வந்திருக்கு, அது வந்திருக்குன்னு படம் அனுப்பாதே. உன் குரங்கு வேலையையும் விட்டுடாதே. யாரோ ஒருத்தியோட கைக்கு அது ஒரு நாள் உதவலாம். அந்த ஒருத்தி நான் இல்ல. இதை நான் தெம்பா எழுதல, இந்த ஒரு வரியை நாலு தடவை அழிச்சு எழுதினேன், அழிக்கிறதுக்கும் ஒரு கைதான் இருக்கு.

அம்மாவா உனக்குச் சொல்ல ஒண்ணுதான் இருக்கு. தோத்தவங்களுக்குக் கைப்பிடியைக் கிட்ட நகர்த்திக் கொடுத்து ஜெயிச்ச மாதிரி காட்டறது குரங்குக்குச் சரியா இருக்கலாம். வீட்டுல செய்யாதே. நாளைக்குப் பவித்ரா ஒரு விஷயத்துல உடைஞ்சு உக்காந்தா, "நல்லாத்தானே இருக்கே"ன்னு சொல்லாதே. எவ்வளவு தூரம் கீழ விழுந்திருக்கான்னு அந்தப் பொட்டு காட்டிக் கொடுத்த மாதிரி உள்ளபடி பாரு. பார்த்துட்டுக் காபி கேக்காதே. பக்கத்துல உக்காரு. என்கிட்ட அன்னைக்கு நீ உக்காந்திருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்போம். இப்படி ஊரைக் கூட்டி எழுத வேண்டி வந்திருக்காது.

இந்த வாரம் நான் பெட்டி முன்னாடி உக்காரல. பச்சை வரலையேன்னு உனக்குப் புரிஞ்சிருக்கும், கேக்கறதுக்குப் பயந்துக்கிட்டு நீ கூப்பிடவும் இல்ல. உள்ள வர இஷ்டமில்லாத குரங்கை யாரும் இழுக்கிறதில்லைன்னு நீதானே சொன்னே. என்னையும் இழுக்காதே. கொரட்டூருக்குப் போன் போடு. தையில முதல் முகூர்த்தம் எதுவோ அதைச் சொல்லு. பவித்ராவை யார் ஜோடிச்சாலும் அவ அழகாத்தான் இருப்பா.

நான் வருவேன். உங்கப்பா புடவைக் கொசுவத்தைப் பிடிச்சுக் குத்தி விடுவார், ஒரு மாதிரியாத்தான் நிக்கும். தினமும் அவர்தான் எனக்குப் பொட்டு வெக்கிறார். கண்ணாடி போட்டுக்கிட்டு, நாக்கைக் கடிச்சுக்கிட்டு வெப்பார், அப்படியும் ஒரு நாளும் நடுவுல விழுந்ததில்ல. ஆயிரம் கல்யாணப் பொண்ணுங்களுக்கு நடு நெத்தியில பொட்டு வெச்சவ, பிள்ளை கல்யாணத்துல கோணல் பொட்டோட நிப்பேன். போட்டோவுலயும் அப்படித்தான் விழும். நீ மணையில இருந்து பார்ப்பே, உன் காது சிவக்கும், எழுந்து வந்து சரி பண்ணலாம்னு உன் கை பரபரக்கும்.

வராதே கண்ணு. அது எங்க ஒட்டியிருக்கோ அங்கயே இருக்கட்டும்.

அம்மா